திரும்பும் பாதி

அத்தியாயம் ஏழு

லாஞ்சு நாலு மணிக்கு. சுங்கச் சாவடிக் கடிகாரத்தில் இப்போது இரண்டேகால்.

தூத்துக்குடிக் கரைக்குக் கப்பல் வராது. ஆழம் போதாமல் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகளை லாஞ்சுதான் கொண்டுபோய் ஏற்றும். லாஞ்சு கிளம்பிவிட்டால் அதில் இருக்கிறவனை அப்புறம் கடவுள்தான் கூப்பிட வேண்டும். இன்றைக்கு லாஞ்சு ஏறக் காத்திருக்கிற முப்பத்தெட்டுப் பேரில் ஒருவன் ஏஜண்டு பொன்னுதுரை. எவன் என்பதுதான் தெரியவில்லை.

துப்பறியும் கிளாட்வின் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. மூன்று வாரமாக அந்த முகத்தை மனசுக்குள் வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவை வரையும்போதும் அவருடைய பத்து விரலும் தாமாகவே மடங்கிக்கொள்ளும்.

"என்ன அண்ணாச்சி, முப்பத்தெட்டுப் பேரையும் பல்லைக் காட்டச் சொல்லுவமா?" என்றான் வன்னியபெருமாள். "நான் மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில திரிஞ்சவன். பல்லைப் பாத்து வயசு, வெலை ரெண்டும் சொல்லிருவேன்."

வன்னியபெருமாள் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். முப்பத்தைந்து வயசு. திருவிழாக் கூட்டத்தில் பிறத்தியார் சட்டைப்பையில் கை விட்டுப் பிழைத்தவன். ஒருநாள் கிளாட்வினின் சட்டைப்பையில் விட்ட கையை எடுக்க முடியாமல் போய், அன்றிலிருந்து அவருக்கு உதவியாளன் ஆகிவிட்டான். வாய் மட்டும் திருந்தவில்லை.

"ஏலே, பல்லு இல்ல. சீட்டு. சீட்டைப் பாரு," என்றார் கிளாட்வின்.

சீட்டில்தான் எல்லாம் இருந்தது. போன மாதம், நவம்பர் முதல் தேதி வரைக்கும் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் திருச்செந்தூர் பஸ் ஏறுகிற மாதிரிக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சட்டம் வந்துவிட்டது. பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். வேலைக்கென்று விசா கேட்டால் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊர் பார்க்கப் போகிறேன் என்றால் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் ரிட்டன் டிக்கெட் காட்ட வேண்டும். விசா கொடுக்கும்போது முழு டிக்கெட்டையும் பார்ப்பார்கள். அதன் பிறகு இந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை. கொழும்பில் இறங்கும்போதுதான் திரும்பும் பாதி எங்கே என்பார்கள். இல்லாதவனை ஊருக்குள் விடாமல் துறைமுகத்து அடைப்பு ஷெட்டில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இந்த இரண்டு சோதனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் பொன்னுதுரை கடை விரித்தான். திருச்செந்தூர் லாட்ஜில் அறை எடுத்து ஏழு பேரைப் பிடித்தான். அவர்கள் பணத்திலேயே ரிட்டன் டிக்கெட் எடுத்து, அதைக் காட்டி விசாவும் வாங்கிக் கொடுத்தான். கப்பலுக்கு முந்தின நாள் ஏழு பேரின் திரும்பும் பாதியையும் கிழித்து எடுத்துக்கொண்டு, அவர்கள் கடலில் இருக்கும்போதே அவற்றைக் காசாக்கிவிட்டான். ஏழு பேரும் அந்த ஷெட்டுக்குள் போனார்கள். ஆறு பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஏழாவது ஆள் கிளாட்வினின் ஒரே தம்பி ஜீவமணி. ஷெட்டுக்குள் அடைபட்ட இருபத்துமூன்றாம் நாள் டைபாய்டில் செத்துப்போனான். இருபத்தாறு வயசு. கொழும்பிலிருந்து ஒரு பொட்டலம் நாசரேத்துக்கு வந்தது. ஒரு வேட்டி, ஒரு பாட்டுப் புத்தகம், அனுப்பாமல் வைத்திருந்த ஒரு கடிதம், போகும் பாதி டிக்கெட்.

கிளாட்வின் அந்தக் கடிதத்தை இப்போதும் சட்டைப்பையில்தான் வைத்திருந்தார். பார்க்காமலே சொல்லுவார்.

"அண்ணனுக்கு, நான் ஏமாந்துபோனேன். ஏஜண்டு ஐயா என் டிக்கெட்டைக் கையில் வாங்கி, 'வேலைக்குப் போறவன் திரும்புற சீட்டை மடியில வச்சிருந்தா எந்த முதலாளி நம்புவான்? இது என்கிட்ட பத்திரமா இருக்கட்டும் தம்பி' என்றார். நாக்கில் விரலைத் தொட்டுத் துளை வரிசையை ஈரமாக்கி, சத்தமே வராமல் கிழித்தார். அந்த லாவகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது அண்ணே. நான் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன்."

கிளாட்வின் வக்கீலிடம் போனார். அவனவன் தன் கையால் கொடுத்த சீட்டு, சாட்சி இல்லை, வழக்கு நிற்காது என்று சொல்லிவிட்டார் வக்கீல். படியிறங்கி வந்தபோதே கிளாட்வின் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அந்த முடிவை வன்னியபெருமாளிடம்கூடச் சொல்லவில்லை. பொன்னுதுரையோ தன்னைத் தேடுகிறார்கள் என்று மோப்பம் பிடித்து, லாட்ஜைக் காலி செய்துவிட்டான். வியாழக்கிழமைக் கப்பல் என்று அவன் பெட்டி தூக்கின கூலியாள் சொன்னான்; ஆளைக் காட்ட மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டான். இன்று வியாழக்கிழமை.

கிளாட்வின் தம்பியின் பாதி டிக்கெட்டை எடுத்து வன்னியபெருமாளிடம் நீட்டினார். "கிழிஞ்ச ஓரத்தைப் பாரு. என்ன தெரியுது?"

"செவப்பா இருக்கு. வெத்தல எச்சி. ஆளு வெத்தல போடுதவன். பெரிய துப்புதான் அண்ணாச்சி. தூத்துக்குடியில வெத்தல போடாதவன் யாருன்னு கேட்டா வேல சுளுவா முடியும்."

"வேற?"

"வேற என்ன, காயிதம்."

கிளாட்வின் சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கப்பல் ஆபீஸ் கிளார்க்கு பழைய சிநேகிதன். கிளாட்வின் கஸ்டம்ஸில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். கிளார்க்கு டீ குடிக்கப் போனார். கிளாட்வின் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார்.

வந்தார்கள். டிக்கெட்டைத் துணிக்குள் சுற்றி, துணியைப் பைக்குள் வைத்து, பையை ஊக்கால் குத்தி வைத்திருந்தார்கள். காயல்பட்டணத்து முஹ்யித்தீன் ராவுத்தர் தன் டிக்கெட்டைத் தொப்பிக்குள்ளிருந்து எடுத்தார். தருவைகுளத்திலிருந்து வந்த இரண்டு பேர் பாஸ்போர்ட்டோடு சேர்த்துத் தைத்தே கொண்டுவந்திருந்தார்கள். புதுச் சட்டம் எல்லாரையும் அவ்வளவு பயமுறுத்தியிருந்தது. ஒருவர் டிக்கெட்டிலும் கிழிசல் கிடையாது. போகும் பாதியும் வரும் பாதியும் ஒட்டிக்கொண்டு ஒரே தாளாக இருந்தன.

பதினெட்டாவது ஆள் தையல்காரன். உதடு ரத்தச் சிவப்பு. அவன் நீட்டிய டிக்கெட்டின் நடு மடிப்பில் சிவப்புக் கறை.

"அண்ணாச்சி!" என்று பாய்ந்து வன்னியபெருமாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"ஐயோ, என்னவே, கையை விடும்!" என்று அலறினான் தையல்காரன்.

"விடுலே," என்றார் கிளாட்வின் அமைதியாக. "வெத்தலைப் பொட்டலத்துக்குள்ள டிக்கெட்டை வச்சிருக்காரு. ரெண்டு பாதியும் ஒட்டித்தானே இருக்கு? நீங்க போங்க."

"செவப்பைத் தேடுன்னு சொன்னியளே."

"நான் எங்கலே சொன்னேன்? நீ சொன்னே."

வன்னியபெருமாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மணி மூன்று. வரிசையில் எட்டுப் பேர்தான் மிச்சம். இத்தனை நாள் காத்தது வீண்தானோ என்று கிளாட்வினுக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. அவன் இந்தக் கப்பலில் போகாமல் தோணி ஏறிவிட்டால்? பேரை மாற்றிக்கொண்டு கொழும்பில் கடை வைத்துக் கல்யாணமும் பண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டால்? அதை நினைக்கவே அவரால் முடியவில்லை.

முப்பத்திரண்டாவது ஆள் வந்து நின்றான். கறுப்புக் கோட்டு, தங்க ஃப்ரேம் கண்ணாடி. பள்ளிக்கூடம் பார்க்க வந்த பெரிய அதிகாரி மாதிரி ஒரு புன்னகை. கரி வைத்துத் தேய்த்தது போல அத்தனை பல்லும் வெள்ளை. பாஸ்போர்ட்டில் பெயர் சிவசங்கரன்.

அவன் மேஜையில் வைத்தது பாதி டிக்கெட்.

கிளாட்வின் தலையை நிமிர்த்தவில்லை. பாதி டிக்கெட்டைக் கையில் எடுத்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். சிவப்பு இல்லை, சுத்தமாக இருந்தது. ஆனால் துளை வரிசையில் உலர்ந்தபடி கிழித்த தாளுக்குச் சின்ன மீனின் பல் வரிசை போலக் கூர் இருக்கும். இதன் ஓரமோ பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. ஈரமாக்கிக் கிழித்தால்தான் தாள் இப்படி நூல் நூலாகப் பிரியும்.

வெற்றிலையை விட்டுவிட்டான். பல்லையும் தேய்த்துவிட்டான். நாக்கைத் தொட்ட விரலை மட்டும் விடத் தெரியவில்லை. புது டிக்கெட் கையில் வந்ததும், யாருடையது என்றுகூட யோசிக்காமல் விரல் பழைய வேலையைச் செய்துவிட்டது.

"வரும் பாதி எங்க சார்?" என்றார் கிளாட்வின்.

"அது பத்திரமா இருக்கு. கொழும்புலதானே கேப்பாங்க?"

முப்பத்தொரு பேர் இங்கேயே கேட்பார்கள் என்று பயந்து இரண்டு பாதியையும் நீட்டினார்கள். கேட்கமாட்டார்கள் என்று ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. கிளாட்வின் முத்திரையைக் குத்தி, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஊசி போட்டுட்டு லாஞ்சுக்குப் போங்க."

அவன் நகர்ந்ததும் வன்னியபெருமாள் குனிந்தான். "இவனா?"

"இவன்தான்."

"வாய் அரிச்சந்திரன் மாதிரில்லா இருக்கு! சரி, அமுக்கிருவமா?"

"அமுக்காதே. அவன் கிட்ட இருக்கிற வரும் பாதி எனக்கு வேணும். அது இருந்த இடத்தில இதை வச்சிரு." கிளாட்வின் தம்பியின் பாதி டிக்கெட்டை நாலாக மடித்து அவன் உள்ளங்கையில் வைத்தார். "எங்க வச்சிருக்கான்னு அவனே காட்டுவான். அதுக்கு நீ சத்தம் போடணும்."

வன்னியபெருமாள் அதைப் பிரித்துப் பார்த்தான். அந்தத் தாளில் 'ஜீவமணி' என்ற பெயரைப் படித்துவிட்டு மடக்கிக்கொண்டான்.

ஊசி போடும் கொட்டகையில் கிருபை இருந்தாள். சாத்தான்குளத்துப் பெண், நர்ஸ். ஜீவமணிக்கும் அவளுக்கும் தை மாதம் வேதக்கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறித்திருந்தார்கள். அவள் அழுததை இதுவரை யாரும் பார்க்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். அதுதான் கிளாட்வினுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"கண்ணாடிக்காரன்," என்றார் அவர், அவள் பக்கத்தில் போய்.

கிருபை திரும்பிப் பார்க்கவில்லை. "சரி அத்தான்," என்றாள். அவ்வளவுதான்.

வன்னியபெருமாள் எங்கிருந்தோ ஒரு பியூன் தொப்பியைப் பிடித்து மாட்டிக்கொண்டு வந்தான். கொட்டகை நடுவில் நின்று, "ஏ, இங்கன ஒரு ரிட்டன் சீட்டு கெடக்கு! யாரு வே தொலைச்சது?" என்று கத்தினான்.

வரிசையே குலுங்கியது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார், ஒருவர் மடியை அவிழ்த்தார், ஒரு பெரியவர் இருந்த இடத்திலேயே பெட்டியைத் திறந்து கவிழ்த்துவிட்டார். கண்ணாடிக்காரன் ஓடவில்லை, பதறவில்லை. அவனுடைய வலது கை மட்டும் கோட்டின் இடது பக்கத்து அடி ஓரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கியது. அங்கே உள் துணிக்கும் வெளித் துணிக்கும் நடுவேதான் சீட்டு.

"இது சோடாக் கடைச் சீட்டுல்லா! தப்பாப் பாத்துட்டேன், மன்னிச்சிருங்க," என்று வன்னியபெருமாள் தலையைச் சொறிந்தான்.

"அடுத்தது," என்றாள் கிருபை.

கண்ணாடிக்காரன் போய் நின்றான்.

"கோட்டைக் கழட்டுங்க."

"கையை மடிச்சு விட்டாப் போதாதா?"

"தோள்ல போடணும்."

அவன் கோட்டைக் கழற்றி மற்றக் கையில் பிடித்துக்கொண்டான். "அந்தக் கையும் வேணும்," என்றாள் கிருபை. "இதில காலரா. அதில அம்மை."

"ரெண்டு கையிலயுமா?"

"கொழும்புக்குப் போவணும்னா ரெண்டு கையிலயும்தான். பியூன், ஐயா கோட்டை வாங்கிக்கோ."

வன்னியபெருமாள் கோட்டைப் பவ்வியமாக வாங்கி, கசங்காமல் முழங்கையில் போட்டுக்கொண்டான். அதற்கு மேல் அவன் விரல் என்ன செய்தது என்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்த கிளாட்வினுக்கே தெரியவில்லை.

கிருபை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஊசிகளைப் பார்த்தாள். காலையிலிருந்து முப்பது பேருக்குக் குத்தி முனை மழுங்கின ஒன்றைத் தேடி எடுத்தாள். பக்கத்திலேயே புது ஊசி பளபளத்தது. அதை ஒதுக்கி வைத்தாள்.

"அம்மாடி!" என்றான் கண்ணாடிக்காரன். தங்க ஃப்ரேம் மூக்கிலிருந்து நழுவியது.

"ஆடாதீங்க," என்றாள் கிருபை. "ஆடினா மறுபடி குத்தணும்." அவன் ஆடினான். மறுபடி குத்தினாள்.

மூன்றே முக்காலுக்கு அவன் இரண்டு தோளையும் தேய்த்துக்கொண்டு கோட்டை மாட்டினான். முதல் காரியமாக அடி ஓரத்தைத் தடவிப் பார்த்தான். நாலாக மடித்த தாள் இருந்தது. நிம்மதியாகப் படகுத்துறைப் பாலத்தில் இறங்கி லாஞ்சில் கூரைக்கு அடியில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தான்.

கயிற்றை அவிழ்த்தார்கள்.

"அண்ணாச்சி, ஆளு போறான்," என்றான் வன்னியபெருமாள். "எங்க உங்க போலீசு?"

"போலீசுக்குச் சொல்லவே இல்ல."

"வெளையாடாதீங்க! மூணு வாரம் நாயாப் பேயா அலைஞ்சது இவனை வழியனுப்பவா? நான் வேணும்னா தண்ணியில குதிச்சு..."

"ஒனக்கு நீச்சல் தெரியாது."

"அது வேற விஷயம்!"

லாஞ்சு பாலத்தை விட்டு விலகியது. கண்ணாடிக்காரன் கரையைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். பொதுவாக எல்லாருக்கும் ஆட்டியதுதான். கிளாட்வின் பதிலுக்குக் கையை ஆட்டினார். அவர் உடம்பெல்லாம் சந்தோஷத்தில் சூடாகியிருந்தது. மூன்று வாரத்தில் இன்றுதான் விரல்கள் மடங்காமல் விரிந்திருந்தன.

"இங்க பிடிச்சிருந்தா நாளைக்கே ஜாமீன்ல வந்து வெத்தல போட்டிருப்பான்," என்றார். "நாளை காலையில கொழும்புல வரும் பாதியைக் கேப்பாங்க. கோட்டு ஓரத்திலேருந்து எடுத்து நீட்டுவான். அதில ஜீவமணி பேரு இருக்கும்."

வன்னியபெருமாள் பியூன் தொப்பியைக் கழற்றினான்.

"அவனை எங்க கொண்டுபோய் வைப்பாங்க, சொல்லு?"

"அந்த ஷெட்டுல," என்றான் வன்னியபெருமாள் மெதுவாக. "ஐயையோ அண்ணாச்சி, அங்க அந்த ஆறு பேரும்லா இருக்காங்க."

"இருக்காங்க. அவன்கிட்ட ஏமாந்து, அவன் மொகத்தை மறக்காதவங்க இந்த உலகத்திலயே அந்த ஆறு பேருதான். கோயில்ல காணிக்கை எடுத்து அவங்க ஆறு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு. அடுத்த வியாழன் கப்பல்ல போகுது. அதுவரைக்கும் ஒரு வாரம் எல்லாரும் ஒண்ணா இருக்கட்டும். அப்புறம் அவங்க கப்பல் ஏறுறதை அவன் கம்பி வழியாப் பாக்கட்டும்."

"ஒரு வாரத்தில ஆளை என்ன செய்வாங்களோ?"

"தம்பி காய்ச்சல்ல கெடந்தப்ப வாயில தண்ணி ஊத்தினவங்க அவங்க. என்ன செய்யணும்னு நான் சொல்லித் தர வேண்டியதில்ல."

வன்னியபெருமாள் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்து கோட்டில் எடுத்த திரும்பும் பாதியை எடுத்து நீட்டினான். ஒரு ஓரம் பஞ்சு மாதிரி இருந்தது. "இதை என்ன செய்ய? கிழிச்சிருவமா?"

"வேண்டாம்," என்றார் கிளாட்வின். "என் தம்பி இருபத்துமூணு நாள் இருந்தான். இவனும் இருபத்துமூணு நாள் இருக்கட்டும். உசிரோட இருந்தா, இருபத்துநாலாவது நாள் இதைத் தபால்ல அனுப்பிருவேன். வரட்டும். நாம மனுசங்கதானே."

அதைச் சொல்லும்போது தன்னுடைய நியாயம் அவருக்கே பிடித்திருந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கிருபை வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கையை நீட்டினாள். கிளாட்வின் என்னவென்று கேட்காமலே சீட்டைக் கொடுத்துவிட்டார்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பஞ்சு ஓரத்தை விரலால் நீவினாள். தன் கைப்பையிலிருந்து ஜீவமணியின் பாட்டுப் புத்தகத்தை எடுத்து, அதன் நடுவில் வைத்து மூடினாள். தூரத்தில் கப்பல் ஊதியது.

"இது என்கிட்ட பத்திரமா இருக்கட்டும் அத்தான்," என்றாள்.

பாலத்தின் மேல் விறுவிறு என்று நடந்து போய்விட்டாள். என்றைக்கு அனுப்புவாய் என்று கேட்கக் கிளாட்வினுக்கு வாய் வரவில்லை.